விரியாத பவளத்துக்குப் பெயர் வைத்தேன்

"அண்ணே, நம்ம ஹேமரு ஒரு பக்கமா உரிஞ்சிக்கினு போவுது. சீக்கிரம் வாங்க."

கள்ளக்குறிச்சி டீச்சரம்மா போனில் சொன்னபோது ஞாயிற்றுக்கிழமை காலை. நான் தியாகதுருகத்தில், என் வீட்டு சாமி அறையில் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தேன். ஏற்றிவிட்டு பஸ் பிடித்தேன். தப்பு என்னுடையதுதான் என்று பஸ்ஸிலேயே தெரிந்துவிட்டது.

நான் எட்டாவது வரை படித்தவன். வீடுகளில் உயிர்ப்பவளம் வளர்க்கும் உப்புத்தண்ணீர்த் தொட்டி பராமரிப்பது என் வேலை. அந்த ஹேமர் பவளம், டீச்சரம்மாவின் வீட்டுக்காரர் சாகும் முன் கடைசியாக வாங்கி வைத்தது. வந்தபோது இரண்டு தலை, அதாவது சதை விரியும் இரண்டு கிளைநுனி. டீச்சரம்மா வளர்த்துப் பதினொன்று ஆக்கியிருந்தார்.

அதற்குத் துணையாக இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை, இன்னொன்று கொண்டுபோனேன். வெளிநாட்டுப் பண்ணையில் வளர்ந்து, முறையான பேப்பரோடு வந்தது. கவரில் ஹேமர் என்று எழுதியிருந்தது. பயணத்தில் சுருங்கி மூடிக்கிடந்தது. மூடியிருந்தால் ஹேமரும், டார்ச் என்கிற வேறொரு பவளமும் ஒன்றுபோலவே இருக்கும். விரிந்தால்தான் தெரியும். ஹேமரின் சதைவிரல் நுனி சுத்தியல்போலக் குறுக்கே பரந்திருக்கும். டார்ச்சின் விரல் நீளம், நுனியில் ஒரே ஒரு உருண்டை மணி. ஹேமரும் ஹேமரும் ஒட்டி வாழும். டார்ச்சின் விரலில் விஷம்; அது தொட்டால் ஹேமர் வெந்துபோகும்.

"விரியட்டுண்ணே, பாத்துட்டு வைக்கலாம்" என்றார் டீச்சரம்மா.

மணி பத்தேகால்.

"பத்தரைக்கு ராகு காலம் புடிச்சிடும்மா. கவர்லயே எழுதிக்கிறாங்க. வச்சிடறேன்."

"கடல்ல அது இன்னா, காலண்டர் பாத்துக்கினா இருந்துச்சு?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல நேரம் போகிறதே என்று பழைய ஹேமருக்கு நாலு விரற்கடை தள்ளி எபாக்ஸி வைத்து ஒட்டிவிட்டேன்.

ஞாயிறன்று போய்ப் பார்த்தால் புதியது அழகாக விரிந்து ஆடிக்கொண்டிருந்தது. நுனிக்கு நுனி உருண்டை மணி. அதன் விரல்கள் ஹேமர்மேல் கிடந்தன. மூன்று தலைகள் சதை உரிந்து வெறும் வெள்ளைக் கல்.

டார்ச்சைப் பெயர்த்துத் தொட்டியின் மறுகோடிக்கு மாற்றினேன். கெட்ட தலைகளைக் கட்டரால் வெட்டி எடுத்து, மீதியை அயோடின் தண்ணீரில் முக்கி வைத்தேன். எட்டும் இறுக மூடியிருந்தன.

"பொழைக்குமாண்ணே?"

"தெரியலம்மா. நீங்க சொன்னதை நான் கேட்டிருக்கணும்."

அவர் தொட்டிக் கண்ணாடியில் கை வைத்து நின்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மூன்று நாள் விளக்கேற்றும்போதெல்லாம், "முருகா, என் அவசரத்துக்கு அந்த உயிரைத் தண்டிக்காதே" என்றே வேண்டினேன். நாலாம் நாள் வீடியோ வந்தது. எட்டுத் தலையும் சுத்தியல் நுனியை நீட்டியிருந்தன. அழுதுவிட்டேன்.

ராகு காலம் பார்ப்பதை நான் விடவில்லை. ஆனால் புதுப் பவளத்தை முதலில் தனித்தொட்டியில் விட்டு, விரிந்த பிறகு நுனி பார்த்துத்தான் பெயர் சொல்கிறேன். இந்த வேலைக்கு வருகிறவர்கள் கவரில் இருக்கும் எழுத்தை நம்ப வேண்டாம்.

போன மாதம் டீச்சரம்மா வீட்டில் ஒன்றை அப்படி விட்டு, விரியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாண்ணே, ராகு காலம் முடிஞ்சி ஒரு மணி நேரமாச்சே?"

"எனக்கு முடிஞ்சிதும்மா. அதுக்கு இன்னும் நல்ல நேரம் வரல."