சும்மா நடக்கப் போகிறேன்

தை பிறந்து கொஞ்ச நாளில் எங்கள் ரப்பர் மரங்கள் இலையைக் கொட்டத் தொடங்கிவிடும். விடியும்போது பனி இறங்கியிருக்கும், காதுமடல் சில்லிட்டுப் போகும். நுவரெலியாவில் இருக்கும் சொந்தக்காரர்கள் இதைக் குளிர் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். கேகாலைப் பக்கம் எங்களுக்கு வாய்த்த குளிர் இவ்வளவுதான், அதை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

போன வருடம் தோட்டத்தில் என் பேரை வெட்டினார்கள். வயதாகிவிட்டது, இனி ரப்பர் மரத்தில் பால்வெட்ட வர வேண்டாம் என்று அர்த்தம். ஆனால் விடியுமுன்னே முழிப்பு வருவது நிற்கவில்லை. படுத்தபடி கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது. நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளைச் சுற்றி, ரப்பர் மலையில் ஏறி இறங்கி வரலாம் என்று முடிவு செய்தேன்.

எங்கள் தோட்டத்தில் சும்மா நடப்பது என்று ஒன்று கிடையாது. விறகுக்குப் போகலாம், கடைக்குப் போகலாம். ஒரு பொம்பளை வெறுங்கையை வீசிக்கொண்டு போனால் லயமே வாசலுக்கு வந்துவிடும். அதனால் முதல் நாள் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். பழைய பால்வாளியைக் கையில் எடுத்துக்கொண்டேன். இலை கொட்டும்போது பால்வெட்டை நிறுத்திவிடுவார்கள் என்பது, காலமெல்லாம் பால்வெட்டிய எனக்கு மறந்தே போயிற்று. வெட்டு இல்லாத மலையில் வாளியோடு திரிகிறவள் எதற்கு வந்திருப்பாள்? பால் பிடிக்கும் சிரட்டையில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலைத் திருடத்தான். மலைக்குக் காவலிருக்கும் வாச்சர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அப்படியும் மலையை மேற்பார்க்கும் ஐயாவிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

சாயங்காலமே ஐயாவின் ஆள் வந்தது. பேர் வெட்டப்பட்டவர்கள் இனி மலைக்குள் போகக் கூடாதாம்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என் இடுப்பு தேய்ந்ததே அந்த மலையில்தான். லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருப்பவள் வழி சொன்னாள்.

"சீனி வருத்தம், டாக்டர் நடக்கச் சொன்னாருன்னு சொல்லிடுங்க அக்கா. விட்ருவாங்க."

"எனக்குத்தான் சீனி இல்லையே."

"அது அவங்களுக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியும்ல. நடக்குறதுக்கு நான் எதுக்கு நோயாளி ஆகணும்?"

மறுநாள் வெறுங்கையோடு கிளம்பினேன். வாச்சர் சிங்களத்தில், "கொஹெத யன்னெ?" என்றார். எங்கே போகிறாய் என்று கேட்கிறார். "நிக்கங்," என்றேன். சும்மா. அவர் ஐயாவைக் கூப்பிடப் போனை எடுத்தார். பேசட்டும் என்று நான் ஏறினேன்.

மேலே போய் அண்ணாந்து பார்த்தேன். இத்தனை காலமும் என் கண் பட்டையிலும் கத்தியிலும் சிரட்டையிலும்தான் கிடந்தது. மரத்துக்குத் தலை இருப்பதையே நான் பார்த்ததில்லை. உச்சியில் மிச்சமிருந்த இலைகள் செங்கல் நிறத்தில் இருந்தன. கிளைகளுக்கு நடுவில் வானம் அகலமாகத் தெரிந்தது. கீழே லயத்துக் கொடியில் பள்ளிக்கூடத்துச் சட்டைகள் தொங்கின, யாரோ ரொட்டி சுடும் வாசம் அவ்வளவு தூரம் ஏறி வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேலை நாளில் இப்படி நின்றிருந்தால் அரைப் பேர் போட்டுப் பாதிக் கூலியைக் குறைத்திருப்பார்கள்.

மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ஐயா இறங்கி வந்தார், என் மகன் வயதுதான் இருக்கும்.

"இங்க என்ன வேலை ஒங்களுக்கு?"

"வேலை ஒன்னும் இல்லீங்க ஐயா."

"வேலை இல்லாதவங்க வரக்கூடாதுன்னு சொல்லி அனுப்பினேனே."

"சொன்னாங்க. வேலைக்கு வந்த காலத்துல இந்த மலைய நான் பாக்கவே இல்லீங்க. இப்பதான் பாக்குறேன்."

"பாத்தாச்சுல்ல? எறங்குங்க. நாளைக்கு இங்க பாக்கக் கூடாது."

"நாளைக்கும் வருவேன்."

அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, நான் இறங்குவதற்காகக் காத்து நின்றார். எங்கள் ஆட்கள் ஐயாமார் முன்னால் உட்கார மாட்டார்கள். பிரசவத்துக்கு நாள் நெருங்கிய வயிற்றோடும் நான் நின்றே பதில் சொல்லியிருக்கிறேன்.

பக்கத்தில் ஒரு கல் இருந்தது. இலைகளைத் தள்ளிவிட்டு அதன்மேல் உட்கார்ந்தேன்.

"நீங்க போங்க ஐயா," என்றேன். "ஒங்களுக்கு வேலை இருக்கும்."