மீன்காரரின் மணி

அருளப்பு குருநகரிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுபோய் கோப்பாயில் விற்பவர். அவருடைய ரப்பர் ஹோர்ன் கேட்டால் பெண்கள் சட்டியோடு படலைக்கு வந்துவிடுவார்கள்.

கோப்பாயில் ஓர் ஒழுங்கை வளைவில் குடியிருந்த சீவரத்தினத்தின் மனைவி உதயகலா இறந்த மறுநாள், அருளப்பு சைக்கிள் கடையில் ஒரு மணி கேட்டார்.

“ஹோர்ன் நல்லாய்த்தானே கிடக்கு?” என்றான் கடைக்காரன்.

“முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியுமட்டும் அந்த வீட்டிலை மீன் சமைக்க மாட்டினம். அவையின்ரை வாசலிலை உந்த ஹோர்னை அமத்தச் சொல்லுறியோ?”

முப்பத்தொரு நாளும் அந்த ஒழுங்கை வளைவில் மணியைத்தான் அடித்தார். மறுநாள் தயங்கித் தயங்கி ஹோர்னை அமுக்கினார்.

படலை திறந்தது. மனைவியின் சட்டியோடு சீவரத்தினம் நின்றார்.

“அண்ணை, அவ என்ன மீன் வாங்கிறவ? இவ்வளவு காலமும் சாப்பிட்டனான், ஒருநாளும் கேக்கேல்லை.”