மதினி, நீங்க மூச்சு விடுங்க

ஆமத்தூர் பக்கத்து எங்கள் ஊருக்குக் காலை ஏழரைக்கு பட்டாசுக் கம்பெனி வேன் வரும். நானும் என் வீட்டுக்காரரின் தங்கையும் அதில்தான் வேலைக்குப் போவோம். நான் முன் சீட்டில், அவள் கடைசி சீட்டில். அப்போது பதினோரு மாதமாக எங்களுக்குள் பேச்சு இல்லை.

குற்றம் என்னுடையது. அவள் புருஷன் அவளையும் மகளையும் விட்டுவிட்டுத் திருப்பூர் போனவன், திரும்பி வரவில்லை. ஒருநாள் தெருக்குழாயில் குடம் வைக்கும் சண்டையில், "ஒன் வாய்க்குப் பயந்துதானடி அவன் ஓடிட்டான்" என்று சொல்லிவிட்டேன், நாலு பொம்பளைகள் கேட்க. அவள் பாதி நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் என்னை மதினி என்று கூப்பிடவே இல்லை.

ஈஸ்டருக்கு முன்னால் வரும் அந்தத் தவக்காலத்தில் எங்கள் மாதா கோயிலில் தியானம் கொடுக்க ஒரு கன்னியாஸ்திரி சிஸ்டர் வந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவராக இருப்பார். "முட்டிபோட்டுச் செபிக்க உங்களுக்கு நேரம் இருக்காது. ஆனா மூச்சு விடாம யாரும் இருக்கிறதில்லை. இழுக்கும்போது 'இயேசுவே', விடும்போது 'இரங்கும்'. அவ்வளவுதான்" என்றார்.

எனக்கு வெடிகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை. கை தானாக அடுக்கும், மூச்சு தானாகச் சொல்லும். பழகப் பழக மனதுக்குள் கிடந்த சூடு தணிந்தது. நாத்தனாருக்கு மருந்து செலுத்தும் அறை, அதாவது காகிதக் குழாய்களில் வெடிமருந்து நிரப்பும் இடம். சாயங்காலம் வேனில் ஏறும்போது அலுமினியப் பொடி படிந்து அவள் காதும் கழுத்தும் வெள்ளியாக மின்னும். ஈஸ்டருக்குள் அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. வெட்கம் விடவில்லை.

புனித வாரம் செவ்வாய்க்கிழமை, டீ வருவதற்குக் கொஞ்சம் முன்னால், காலுக்குக் கீழே தரை தூக்கிப் போட்டது. அலறிக்கொண்டு வெளியே ஓடினோம். அவள் அறைக்குக் கூரை இல்லை. உள்ளே இருந்த மூன்று பேரில் இரண்டு பேர் அங்கேயே முடிந்துபோனார்கள். மூன்றாவது ஆளை வேப்பமரத்தடியில் ஒரு சாக்கின் மேல் கிடத்தியிருந்தார்கள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. "மதினி" என்று அவள்தான் கூப்பிட்டாள்.

தீக்காய வார்டில் நான்தான் கூட இருந்தேன். என் வீட்டுக்காரர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வராந்தாவில் போய் உட்கார்ந்தவர்தான், உள்ளே வரவில்லை. "புகை நுரையீரல் வரைக்கும் போயிருக்கு. வாயில தண்ணி ஊத்திராதீங்க, புரையேறிடும். துணியை நனைச்சு உதட்டை மட்டும் தொடுங்க" என்று நர்ஸ் சொன்னார்.

அவள் மூச்சுக்குத் திணறும்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். காதருகே குனிந்தேன். "இழுக்கும்போது இயேசுவேன்னு நினை தாயி. விடும்போது இரங்கும்னு நினை."

"எனக்கு முடியலை" என்றாள். "மதினி, நீங்க மூச்சு விடுங்க. ஒங்களப் பாத்துக்கிட்டே நானும் விடுறேன்."

அவளுக்குக் கேட்கும்படி சத்தமாக இழுத்தேன், மெதுவாக விட்டேன். கட்டுத்துணிக்கு அடியில் அவள் நெஞ்சு என் பின்னாலேயே ஏறி இறங்கியது. நான் அவசரப்பட்டால் அவளும் அவசரப்பட்டாள். ஒருதரம் எனக்கு அழுகை வந்து மூச்சு இடறியது. உடனே அவளுக்கும் மூச்சு முட்டி இருமல் வந்தது. அதற்குப் பிறகு அவள் முன்னால் நான் அழவில்லை.

வியாழக்கிழமை கொஞ்சம் தெளிவாக இருந்தாள். இதுதான் நேரம் என்று, "அன்னைக்குக் குழாயடியில நான் பேசினது..." என்று ஆரம்பித்தேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "இப்ப அதுக்கெல்லாம் மூச்சு இல்ல மதினி."

மன்னித்தாளா, மன்னிக்கவில்லையா, எனக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை.

பெரிய வெள்ளியன்று அவளே வார்த்தையை மாற்றிவிட்டாள். இழுக்கும்போது இயேசுவே என்றாள். விடும்போது தண்ணி என்றாள். இயேசுவே, தண்ணி. இயேசுவே, தண்ணி. நான் திருத்தவில்லை. நனைத்த துணியால் உதட்டைத் தொட்டேன். கோயிலில் அந்நேரம் இயேசு சிலுவையில் பட்ட பாடுகளின் வரலாறு வாசித்துக்கொண்டிருப்பார்கள்.

சனிக்கிழமை காலை, நான் விட்ட மூச்சுக்குப் பின்னால் அவள் மூச்சு வரவில்லை. நாலைந்து முறை இழுத்து விட்டுப் பார்த்தேன். நர்ஸ் வந்து என் தோளைத் தொட்டார்.

அதற்குப் பிறகு எனக்கு அந்தச் செபம் வரவில்லை. மூச்சைக் கவனித்தாலே அந்த வார்டின் வாடை வந்துவிடும். அவள் போன முப்பதாம் நாள் அந்தச் சிஸ்டர் வீட்டுக்கு வந்தார். "நீங்க சொல்லிக் கொடுத்தது அவளைக் காப்பாத்தலை சிஸ்டர்" என்றேன். "ஆமாம்மா, காப்பாத்தலை" என்றார். கடவுளின் சித்தம் என்று ஆரம்பித்திருந்தால் எழுந்து போகச் சொல்லியிருப்பேன். அவர் சொல்லவில்லை. என்னோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

இப்போது சிவகாசியில் காலண்டர் கம்பெனியில் தாள் அடுக்குகிறேன். நாத்தனார் மகள் எங்களோடு இருக்கிறாள், எட்டாம் வகுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கேட்டாள், "அம்மா கடைசியா என்ன சொன்னாக அத்தை?"

"தண்ணி கேட்டா."

"குடுத்தீகளா?"

"குடுக்கக் கூடாதுன்னுட்டாக. உதட்டை நனைச்சேன்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். குழாயடியில் நான் சொன்னதையும், மன்னிப்புக் கேட்கத் தள்ளிப்போட்டதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். எட்டு நாள் என்னோடு பேசவில்லை. சடையைக்கூட பக்கத்து வீட்டில் போய்ப் பின்னிக்கொண்டு வந்தாள்.

ஒன்பதாம் நாள் காலையில் சீப்பும் ரிப்பனும் கையுமாக என் முன்னால் வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் வகிடு எடுத்தேன். கோணிப்போனது, நேராக எடுக்க மூச்சை மெதுவாக இழுத்தேன். இயேசுவே என்று தானாக வந்தது. விடும்போது எந்த வார்த்தையும் வரவில்லை. வெறும் மூச்சுதான் போனது. இன்றைக்கும் அப்படித்தான் செபிக்கிறேன், பாதிச் செபம்.

"இறுக்கிப் பின்னுங்க அத்தை, போன தடவை அவுந்துபோச்சு" என்றாள். நான் இறுக்கிப் பின்னினேன்.