பனிப் புனிதர்களை மன்னாருக்கு அனுப்பியவர்

“பாத்திக்க மிதியாதை எண்டு எத்தினை தரம் சொன்னனான்!” என்று எவ்லின் அக்கா டுசல்டோர்ஃபில் போடும் சத்தத்துக்கு, மன்னார்த் தீவில் ஒருத்தி காலைத் தூக்குகிறாள். அக்காவின் ஒரு கையில் தண்ணீர்க் குழாய், மறு கையில் வீடியோ அழைப்போடு கைபேசி. பக்கத்துத் தோட்டக்காரி யூலியா வேலிக்கு மேலால் எட்டி மணிக்கூட்டைக் காட்டுகிறாள். மதிய வேளையில் இந்த வாடகைத் தோட்டங்களில் சத்தம் கூடாது. “யா, யா” என்று அவளுக்குத் தலையாட்டிவிட்டு அக்கா அதே குரலில் தொடர்கிறார்.

விடியற்காலையில் முதியோர் இல்லச் சமையலறையில் வேலை. முடிந்த கையோடு கத்தரி, பயிற்றை, சுரை என்று இங்கே வந்து குந்திவிடுவார். கன்றுகளோடு பேசுவார், சில நேரம் ஏசுவார். ஒரு சுரைக்கு இரண்டு கிழமையாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் பிழை விட்டதாக அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. “இவ பிழை விட்டால் கலண்டரைத்தான் மாத்த வேணும்” என்பார் கணவர் பென்ஜமின்.

மன்னாரில் அவருடைய மாமி மகள் ஜசிந்தாவும் அயல் பெண்களும் ஒரு முதலாளியின் கருவாட்டு வாடியில் மீனுக்கு உப்புப் போட்டு வந்தவர்கள். வெடித்த விரலில் உப்பு ஏறினால் எப்படி எரியும் என்று அக்காவுக்குத் தெரியும். குமர் வயதில் அவரும் அந்த வாடியில் நின்றவர்தான். “உப்புக்க கை வைச்சது காணும். வளவில மரக்கறி போடுங்கோ, நான் இருக்கிறன்” என்று போன வருடம் சொன்னார். யாருக்கும் தோட்டம் பழக்கமில்லை. அக்காவை நம்பி இறங்கினார்கள்.

இங்கேதான் வந்தது வினை. மே நடுவில் ‘பனிப் புனிதர்கள்’ என்று சொல்லப்படும் சில புனிதரின் திருநாட்கள் கழியும் வரை ஜேர்மன்காரர் இளங்கன்றை வெளியில் நட மாட்டார்கள், பிந்தி விழும் உறைபனி கருக்கிவிடும். முப்பது வருடமாக அதையே செய்து அக்காவுக்கு அது இரத்தத்தில் ஊறிவிட்டது. “மாசியில தட்டில விதையைப் போடுங்கோ. புனிதர்கள் போகுமட்டும் நிலத்தில வையாதேங்கோ” என்று மன்னாருக்கும் கட்டளை பறந்தது. மன்னாரில் பனி ஏது, ஐயோ! ஆனால் புனிதர் என்ற பிறகு அந்தப் பெண்கள் மறுபேச்சுப் பேசுவார்களா? மெழுகுதிரி கொளுத்திக் காத்திருந்தார்கள். தட்டிலேயே நெட்டையாகிப்போன மிளகாய்க் கன்றுகளை மே கடைசியில் நட்டார்கள். தென்மேற்கிலிருந்து காய்ந்த சோளகக் காற்று வந்து எல்லாவற்றையும் வாட்டிவிட்டுப் போனது.

இன்று ஜசிந்தா அதைச் சொல்கிறாள். “எங்கட செபத்திலதான் குறை அக்கா. திங்கக்கிழமை வாடிக்குத் திரும்பப் போறம். முதலாளி வரச் சொல்லிட்டார்.”

அக்கா குழாயைப் பூட்டினார். விதை சரியில்லை என்று சொல்லலாம். தண்ணீர் காணாது என்றும் சொல்லலாம். எதைச் சொன்னாலும் நம்புவார்கள்.

“எல்லாரையும் கூப்பிடு” என்றார்.

கைபேசியில் முகங்கள் நெருக்கியடித்தன.

“செபத்தில ஒரு குறையுமில்லை பிள்ளையள். குறை எனக்கு. இஞ்சத்தைப் பனிக்குப் பாக்கிற நாளை உங்கட வெயிலுக்குச் சொல்லிப்போட்டன். என்ர பிழை.” அக்கா கைபேசியைக் கிட்டப் பிடித்தார். “வாடிக்கு மட்டும் போகாதேங்கோ.”

அந்தப் பக்கம் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். “அப்ப அந்தப் புனிதர்மாருக்கு எங்கட ஊரில வேலையே இல்லையோ?” சிரிப்பு எல்லோருக்கும் தொற்றியது.

“சரி அக்கா, மாரி மழையோட திரும்பப் போட்டுப் பாப்பம்” என்றாள் ஜசிந்தா. “எந்தக் கிழமை நடுறது?”

அக்காவின் வாய் பழக்கத்தில் திறந்தது. சேறு படிந்த உள்ளங்கையால் அதைச் சட்டென்று பொத்திக்கொண்டார்.