ஐந்து கட்டைவிரல், ஒரு பெயர்

"அஞ்சு பேரு கட்டவெரல் போட்டீங்கமா. ஒருத்தன்கூட வர்ல. காலைலேர்ந்து கம்ப்ரசர் ஓடாம மில்லு நின்னுகினு கீது."

போனில் பேசியவர் பலராமன், எங்கள் பெரிய கஸ்டமரான ரோலிங் மில்லின் மெயின்டனன்ஸ் இன்சார்ஜ். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஏர் கம்ப்ரசர் சர்வீஸ் செய்யும் சின்ன கம்பெனியில் நான் கோஆர்டினேட்டர். கம்ப்ளெயின்ட் எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில் வரும். ஒருவன் 'சரி' என்று போடும் முதல் கட்டைவிரல் எமோஜியைப் பார்த்ததும் அவன் போகிறான் என்று நினைத்து, மற்ற மெக்கானிக்குகளும் ஆளுக்கொன்று தட்டிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். அன்று முதலில் தட்டியவன் பொன்னேரியில் வேறொரு மெஷினுக்கு அடியில் படுத்திருந்தான்.

"ஏ.எம்.சி. உங்களுக்கே தரதா வேணாமான்னு மேனேஜர் கேக்குறாரு. நான் இன்னா சொல்றது?" என்றார் பலராமன். அந்த வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம் போனால் எங்களில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது.

ஓனர் அன்றே கம்ப்ளெயின்ட்டைப் பதிந்து வைக்க ஹெல்ப் டெஸ்க் சாஃப்ட்வேர் தேடச் சொன்னார். ஃப்ரீயாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அவருக்குப் பிடித்தது கலர் கலராக கிராஃப் காட்டும் ஒன்று. அதில் கஸ்டமரே அக்கவுன்ட் திறந்து, பாஸ்வேர்டு போட்டு, கம்ப்ளெயின்ட் எழுத வேண்டும். கிரீஸ் கையோடு நிற்கும் பலராமன் பாஸ்வேர்டு போட்டுக்கொண்டிருப்பாரா?

"சார், அவரு நமக்கு வேலை குடுக்குறவரு. அவருக்கு நாம வேலை வெக்கக் கூடாது" என்றேன். ஓனர் முகம் சுருங்கியது, ஆனாலும் விட்டுவிட்டார்.

நான் எடுத்தது வெறும் பட்டியல் மாதிரி இருக்கும் ஒன்று; ஒரு கம்ப்ளெயின்ட்டுக்கு ஒரு டிக்கெட், அதன் பக்கத்தில் போகிற ஆளின் பெயர். ஃப்ரீ பிளானில் மூன்று லாகின்தான். "சர்வீஸ்னு ஒரே பேர்ல போட்டு எல்லாரும் யூஸ் பண்ணிக்கலாமே" என்றான் மெக்கானிக் தணிகை. நல்ல யோசனையாகத்தான் பட்டது. சில நாள் கழித்துத் திறந்து பார்த்தால், முடியாத டிக்கெட் எல்லாம் 'சர்வீஸ்' பெயரில் கிடந்தன. அப்படி ஒரு ஆள் எங்களிடம் இல்லையே. பழைய கட்டைவிரல்தான் சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தது.

அதன்பின் லாகினை என்னிடமே வைத்துக்கொண்டேன். கஸ்டமர் போன் பண்ணட்டும், குரூப்பில் எழுதட்டும், டிக்கெட் போடுவது நான். ஒரு டிக்கெட்டுக்கு ஒரு பெயர். அந்த ஆள் தன் வாயால் "நான் போறேன்" என்ற பிறகே பெயரைப் போடுவேன்.

"பேஜாரு பண்றீங்க மேடம்" என்றான் தணிகை. பண்ணத்தான் செய்தேன்.

அடுத்த முறை மில்லில் கம்ப்ரசர் வால்வு போனபோது, பலராமன் கேட்கும் முன்பே சொன்னேன்: "தணிகை வர்றாரு சார். கவரைப்பேட்டை தாண்டிட்டாரு."

"பேரு சொன்னியேமா, அது போதும்" என்று போனை வைத்தார்.

சாஃப்ட்வேர் தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இந்த வேலை யார் கையில் இருக்கிறது என்று கேட்டால் ஒரு மனிதரின் பெயரைக் காட்டுகிறதா பாருங்கள். கிராஃப் எல்லாம் பிறகு.

ஏ.எம்.சி. மறுபடி எங்களுக்கே என்று ஓனர் குரூப்பில் போட்டார். கட்டைவிரல்கள் மளமளவென்று விழுந்தன. எனக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் கேட்டேன், "பேப்பர்ல கையெழுத்து வாங்க யாரு போறீங்க?"

கடைசியில் ஓனரே எழுதினார்: "நான் போறேன்."

அவர் பெயரில் ஒரு டிக்கெட் போட்டேன்.