ஹாரன் வாங்கிய புத்தகம்

முன்னால் நின்ற டாக்சி ஒரு வண்டி நீளம் நகர்கிறது. பெண் ஓட்டுநர் இசோகாய் கிமியே, தான் படித்துக்கொண்டிருந்த பக்கத்தில் சுட்டுவிரலை வைத்துப் புத்தகத்தை மடியில் கவிழ்க்கிறார். பிரேக்கை விட்டு ஒரு வண்டி நீளம் ஊர்கிறார். மறுபடி பிரேக், மறுபடி புத்தகம். இகெபுகுரோ ரயில் நிலையத்தின் கிழக்கு வாசலில் டாக்சி வரிசை நாள் முழுக்க இப்படித்தான் ஊர்ந்துகொண்டிருக்கும். மற்ற ஓட்டுநர்கள் இறங்கி நின்று இறகுத் துடைப்பத்தால் வண்டியைத் தட்டுவார்கள், டப்பாக் காப்பி குடிப்பார்கள், குதிரைப் பந்தயம் பேசுவார்கள். இவர் படிப்பார்.

அவரிடம் இரண்டு ஜோடி வெள்ளைக் கையுறைகள் உண்டு. ஒன்று ஸ்டியரிங் பிடிக்க, மற்றது பக்கம் புரட்ட. சவாரி ஏறியதும் மாற்றிக்கொள்வார். எதற்கு இந்த ஆர்ப்பாட்டம் என்று ஒருமுறை கேட்டேன். "வேர்வைக் கையால தொட்டா அந்த ஆளுங்க முகத்துல கறை விழுந்துடும்மா" என்றார், பட்டுப் புடவைக்குச் சொல்வதுபோல.

அந்த ஆளுங்க என்பது யார் என்று சொல்லிவிடுகிறேன். இசோகாய் சான் (மரியாதைக்குப் பெயரோடு 'சான்' சேர்ப்பது எங்கள் ஊர் வழக்கம்) படிப்பது ஒரே வகை: இரண்டு ஆண்கள் ஒருவரையொருவர் காதலிக்கும் படக்கதைகள். எங்கள் தெருவில் பி.எல். என்றால் பால் குடிக்கும் குழந்தைக்கும் தெரியும். அவற்றை மட்டுமே விற்கும் கடையில் மூன்றாவது மாடிக் கல்லாவில் நிற்பவள் நான். வாங்க வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். கல்லூரி மாணவி, பல் டாக்டர், மகப்பேறு விடுப்பில் இருப்பவள், பேத்திக்கு என்று பொய் சொல்லி வாங்குகிறவள், எல்லோரையும் பார்த்தாயிற்று. டாக்சி ஓட்டுநர் சீருடையில், தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருகிறவர் இவர் ஒருவர்தான்.

புதுப் புத்தகம் வெளிவரும் நாளில் மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தியாகம் செய்துவிட்டு மாடி ஏறி வருவார். வாங்கியதோடு போகமாட்டார். போன தடவை வாங்கியதற்கு என்னிடம் தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் போவார். பின்னால் வரிசை நின்றாலும் கவலையில்லை. வரிசையில் நிற்கிறவர்களும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள் என்பது வேறு விஷயம்.

இந்தப் பருவத்துத் தீர்ப்புகள் சில. கல்லூரி நீச்சல் அணியைப் பற்றிய தொடர், எங்கள் கடையில் அடுக்கடுக்காகப் போய்க்கொண்டிருப்பது. அதைப் பற்றி இவர் சொன்னது: "மூணு பாகமா ஒருத்தன் தலையத் துவட்டிக்கிட்டே இருக்கான். ஜலதோஷம் பிடிக்காது?" ஊற்றிக்கொள்ளும் என்று அடித்துச் சொன்னார். நான்காவது பாகம் மறுபதிப்பு வந்துவிட்டது. கியோத்தோ சமையற்கட்டில் அதட்டும் முதலாளியும் அடங்கும் சமையல்காரனுமாக ஒரு கதை வந்தது. அதைக் கல்லாவின்மேல் இரண்டு விரலால் தள்ளினார். "கட்டிப் பிடிச்சுட்டு அப்புறமா மன்னிப்புக் கேக்கறவன் காதலன் இல்லம்மா. முதல்ல கேக்கணும். நான்கூட எங்க போகணும்னு கேட்டுட்டுத்தான் மீட்டரப் போடறேன்."

எனக்கும் அவருக்கும் ஒத்தே போகாத இடம் ஒன்று உண்டு. எனக்குக் கதை முடிவில் அழவேண்டும். இலையுதிர் காலத்தில் வந்த கலங்கரை விளக்கக் கதையில் காவல்காரன் கடைசிப் பக்கத்தில் செத்துப்போகிறான். நான் கழிப்பறையில் போய் அழுதுவிட்டு வந்து கல்லாவில் நின்றேன். இசோகாய் சான் அதை எனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். "சாகடிக்கறது சுலபம். ரெண்டு பேரையும் ஒரே வீட்டுல குடி வெச்சு, யாரு குப்பைய எடுத்துட்டுப் போறதுன்னு சண்டை போடவிட்டு வரையச் சொல்லு. அப்ப தெரியும் யாருக்கு வரையற கை இருக்குன்னு." ரசனையே இல்லாத மனுஷி என்று அன்று மனசுக்குள் திட்டினேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த வாக்கியத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்சி வரும் கதை என்றால் இன்னும் கண்டிப்பு. எங்கள் ஊர் டாக்சியில் பின் கதவை ஓட்டுநர்தான் தன் இருக்கையிலிருந்து விசையை இழுத்துத் திறப்பார். மழையில் ஓடிவரும் நாயகன் தன் கையாலேயே கதவைத் திறந்து ஏறிவிட்டால் அந்தப் புத்தகம் அங்கேயே அவுட். "அப்ப நான் எதுக்கு உக்காந்திருக்கேன்?"

இவருடைய உச்சபட்சப் பாராட்டு நட்சத்திரமும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. ஹாரன். வரிசை நகர்வது தெரியாமல் படித்துக்கொண்டிருந்து, பின்னால் இருக்கும் வண்டிக்காரர் ஹாரன் அடித்துவிட்டால் அது நல்ல புத்தகம். எங்கள் ஊரில் யாரும் லேசில் ஹாரன் அடிக்கமாட்டார்கள். அடித்தால் அது பெரிய மானக்கேடு. அந்த மானக்கேட்டை வாங்கிக் கொடுத்த புத்தகங்கள் வீட்டில் தனித் தட்டில் இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைக்கும் கணவர் அந்தத் தட்டுக்கு "உன் பசங்க ரூம்" என்று பெயர் வைத்திருக்கிறார். தூசி தட்டுவது அவர்தான்.

ஹாரன் அடிப்பதில் முதல் ஆள் ஒகிட்சு சான். இசோகாய் சானைவிட மூத்தவர், தொந்தி உள்ளவர், கிழக்கு வாசல் வரிசைக்குத் தானே நாட்டாமை என்று நினைப்பு. இவர் என்னதான் படிக்கிறார் என்று ஒகிட்சு சான் பல வருஷத்துக்கு முன்பு கேட்டிருக்கிறார். புத்தகத்தின்மேல் எங்கள் கடைக் காகித உறை. கல்லாவில் நாங்களே மடித்துப் போட்டுத் தருவது. ரயிலில் படிக்கிறவர்கள் யாரும் உறை இல்லாமல் படிப்பதில்லை, என்ன புத்தகம் என்று வெளியே தெரியாது. இசோகாய் சான் வாய் கூசாமல் "துப்பறியும் கதை" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து, "கொலைகாரன் யாரு?" என்று அவர் கேட்பதும், இவர் வாய்க்கு வந்த கொலையை அவிழ்த்துவிடுவதும் வழக்கமாகிவிட்டது. ஒரு பணக்காரக் குடும்பம், விஷம் வைக்கப்பட்ட சூப், சந்தேகத்துக்குரிய ஒரு சமையல்காரன் என்று தொடர்கதையே ஓடியது. இவருக்கு வரையத் தெரிந்திருந்தால் அதையும் நாங்கள் விற்றிருப்போம்.

போன வசந்தத்தில் 'முன்னால் நிற்கும் வண்டி' என்ற படக்கதை வந்தது. வரைந்தவர் புதியவர். 'ஊறிய முள்ளங்கி' என்று புனைபெயர். ஐம்பது வயசு டாக்சிக்காரர்கள் இரண்டு பேர் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஒருவர் எப்போதும் மற்றவருடைய பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முதல் பாகம் முழுக்க அவ்வளவுதான். வழுக்கையும் வயிறுமாக இரண்டு பேர் அட்டையில் இருந்தால் யார் வாங்குவார்கள்? அடுக்கியது அடுக்கியபடியே இருந்தது. பதிப்பகத்து விற்பனையாளர் வந்து பார்த்துவிட்டு, இப்படியே கிடந்தால் இரண்டாம் பாகம் வராது என்றார். புதியவர்களுக்கு இதுதான் கதி. முதல் பாகம் நகராவிட்டால் கதையைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள்.

இசோகாய் சான் அன்று தொப்பியைத் தலையிலேயே மாட்டிக்கொண்டு மாடி ஏறி வந்தார். இரண்டு ஹாரன் வாங்கியிருக்கிறார், ஒரே நாளில். பேசும்போது குரல் உடைந்தது. இவர் குரல் உடைந்து நான் கேட்டதில்லை. இரண்டாம் பாகம் சந்தேகம் என்று சொன்னேன். "அவங்க இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கலையேம்மா. அப்படியே வரிசையிலயே நின்னுடுவாங்களா?"

எங்கள் கடையில் ஒரு பழக்கம். நல்ல புத்தகத்துக்குப் பக்கத்தில் கையால் எழுதிய சின்ன அட்டை ஒன்றை வைப்போம், ஏன் படிக்கவேண்டும் என்று. எழுதுவது நாங்கள்தான். இதற்கு மட்டும் நீங்கள் எழுதுங்கள் என்றேன். உண்மையான டாக்சி ஓட்டுநர், உண்மையான பெயர், நிற்கும் இடம் உட்பட. முகம் வெளுத்துவிட்டது. பெயர் போட்டால் கிழக்கு வாசலுக்குத் தெரிந்துவிடும், அத்தனை ஆண்கள் நடுவில் தினமும் போய் நிற்கவேண்டும், வேறு யாரையாவது பார் என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. டாக்சியில் ஓட்டுநர் பெயரைக் காட்டுவது கட்டாயமில்லை என்று ஆனபோது வரிசையில் எல்லோரும் பெயர் அட்டையைக் கழற்றிப் போட்டார்கள். இவர் மட்டும் கழற்றவில்லை. வண்டியை ஓட்டுவது யார் என்று தெரியட்டும் என்று இன்னும் வைத்திருக்கிறார். அதைச் சொல்லிக் காட்டினேன். "ஊருக்கெல்லாம் உங்க பேரக் காட்டறீங்க இசோகாய் சான். அந்த ரெண்டு பேருக்காக ஒரு தடவ காட்டமாட்டீங்களா?" விறுவிறுவென்று படி இறங்கிப் போய்விட்டார். ஒரு நல்ல வாடிக்கையாளரைத் தொலைத்தேன் என்று நினைத்தேன்.

மறுநாள் அட்டை வந்தது. கட்டை கட்டையான எழுத்து. "ரொம்ப வருஷமா டாக்சி ஓட்டுறேன். காத்திருக்கிறது சோம்பேறித்தனம் இல்லைன்னு எழுதின முதல் புத்தகம் இதுதான். இதில் கதவுகள் சரியாகத் திறக்கின்றன. ரெண்டு ஹாரன் வாங்கினேன், வெட்கமில்லை. இசோகாய் கிமியே, டாக்சி, கிழக்கு வாசல்." வெட்கமில்லை என்ற சொல் மட்டும் அழித்து மறுபடி எழுதப்பட்டிருந்தது. அதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமையை எப்படிச் சொல்வது, என் சொந்தக்காரி ஒருத்தி தேர்தலில் நின்று ஜெயித்த மாதிரி இருந்தது.

யாரோ அந்த அட்டையைப் படம் எடுத்து இணையத்தில் போட்டார்கள். புத்தகம் நகர ஆரம்பித்தது. பிறகு நடந்ததுதான் இவர் பயந்தது. பை நிறையப் புத்தகத்தோடு ஒரு பெண் வரிசைக்குப் போய், "அட்டை எழுதின இசோகாய் சான் வண்டி எது?" என்று கேட்டிருக்கிறாள். வரிசையில் முதல் வண்டியில்தான் ஏறவேண்டும், அது விதி. இசோகாய் சானே இறங்கி வந்து அவளை முதல் வண்டிக்கு அனுப்பிவைத்தார். முதலில் நின்றது ஒகிட்சு சானின் வண்டி. அந்தப் பெண் இறங்கும் இடம் வரை அவரிடம் கதை முழுவதையும் சொல்லி முடித்திருக்கிறாள்.

அடுத்த நாள் காலை ஒகிட்சு சான் துடைப்பமும் கையுமாக இவர் வண்டி ஜன்னலுக்கு வந்தார். பின்னால் நாலைந்து பேர் டப்பாக் காப்பியோடு. நான் ரயில் இறங்கிக் கடைக்குப் போகும் வழி அது, கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

"அப்ப அந்தச் சமையல்காரன்?"

"சமையல்காரனும் இல்ல, சூப்பும் இல்ல, ஒகிட்சு சான். எல்லாம் நான் விட்ட கதை."

"இத்தன வருஷமா ஆம்பிளையும் ஆம்பிளையும் கொஞ்சிக்கிறதத்தான் படிச்சீங்களாக்கும்." பின்னால் சிரிப்பு.

இசோகாய் சான் கதவைத் திறந்து இறங்கினார். காது மடல் சிவந்திருந்தது, குரல் மட்டும் ஆடவில்லை. மடியிலிருந்த புத்தகத்தின் உறையை உருவினார். அட்டையில் அந்த இரண்டு பேர். "ஆமா. இதுல ஒருத்தருக்கு உங்கள மாதிரியே தொந்தி. படிச்சிட்டு வந்து சிரிங்க." அவர் கையில் அதைத் திணித்துவிட்டு ஏறி உட்கார்ந்துகொண்டார்.

ஒகிட்சு சான் புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை. கொலைகாரன் யார் என்று கேட்பதையும் நிறுத்திவிட்டார். காலை வணக்கம்கூட அரைகுறையாகத்தான் இருந்ததாம். சிரித்தவர்களை இசோகாய் சான் பொருட்படுத்தவில்லை. அவர்களில் ஒருவன் தன் மனைவிக்கு என்று புத்தகம் கேட்டு வந்தும்விட்டான். ஒகிட்சு சானின் மௌனம்தான் அவரை அரித்தது. "திட்டினாலும் பரவால்லம்மா. பக்கத்து வண்டியில இத்தன வருஷம் நின்ன மனுஷன்" என்றார். அன்றைக்குப் புத்தகத் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. உறை போடட்டுமா என்றேன். வேண்டாம் என்றார். அன்றிலிருந்து அவர் புத்தகம் எதற்கும் உறை இல்லை.

இரண்டாம் பாகம் குளிர்காலத்தில் வந்தது. மேலட்டையின் உள்மடிப்பில் ஊறிய முள்ளங்கி 'கிழக்கு வாசல் வெள்ளைக் கையுறைக்கு நன்றி' என்று ஒரு வரி எழுதியிருந்தார், எப்போதோ வரிசைப் பக்கம் வந்து பார்த்திருக்கவேண்டும். இசோகாய் சான் அதைக் கல்லாவிலேயே படித்துவிட்டு, "ம்" என்றார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படி இறங்கினார். புத்தகத்தோடு கடை தரும் படச் சீட்டைக் கல்லாவிலேயே விட்டுவிட்டார், அந்தப் பெருமையில். இவர் எதையும் மறந்து போகிறவர் இல்லை.

மழை பெய்துகொண்டிருந்தது. சீட்டை எடுத்துக்கொண்டு கிழக்கு வாசலுக்கு ஓடினேன். கண்ணாடி வழியே என்னைப் பார்த்து விசையை இழுத்தார், கதவு திறந்தது, பின் இருக்கையில் ஏறிக்கொண்டேன். இவர் இன்னும் முதல் பக்கத்தைத் திறக்கவில்லை. புத்தகக் கையுறையைத்தான் மாட்டிக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன்னால் நின்றது ஒகிட்சு சானின் வண்டி.

வரிசை நகர்ந்தது. ஒகிட்சு சானுக்கு முன்னால் ஒரு வண்டி இடம் காலியானது, பிறகு இரண்டு. அவர் வண்டி அசையவில்லை. பின் கண்ணாடி வழியாக அவருடைய குனிந்த கழுத்து தெரிந்தது. ஸ்டியரிங்கின்மேல் சாய்த்து வைத்த புத்தகம் தெரிந்தது. எங்கள் கடைக் காகித உறைதான். அன்று காலை கடை திறந்ததும் அவர் வாங்கிய இரண்டாம் பாகத்துக்கு நானே ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு உறை போட்டுக் கொடுத்தது. யார் எதை வாங்கினார்கள் என்று சொல்வது எங்கள் வழக்கம் இல்லை, அதனால் இசோகாய் சானிடம் நான் சொல்லவில்லை.

எங்களுக்குப் பின்னால் நின்ற வண்டி விளக்கை மினுக்கியது. இசோகாய் சானின் வெள்ளைக் கை ஹாரன்வரை போனது. அங்கேயே நின்றது. பிறகு கையை எடுத்து, தன் புத்தகத்தின்மேல் வைத்துக்கொண்டு, காத்திருந்தார்.