எல்லைக்குப் பத்திரம் எழுதுகிறவன்

எல்லை தாண்டுகிற சாமானுக்குச் சுங்கப் பத்திரம் எழுதுகிறவனிடம் அவசரமில்லாமல் ஒருவரும் வருவதில்லை. லண்டன் லூயிஷாமில், ஒரு சலூனுக்கு மேல்மாடியில் எங்கள் கந்தோர். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பிரித்தானியா விலகியதால் பிறந்த வேலை இது. முந்தி, விடிய இங்கே வான் வண்டியில் ஏற்றின பெட்டியைப் பின்னேரம் பாரிசில் இறக்கலாம். இப்போது இடையில் நான் இருக்கிறேன். கடவுச்சீட்டு வரிசையில் கால் கடுக்க நின்ற உங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இரண்டு போத்தல் நெய்

ஸ்ட்ரெதமிலிருந்து ஒரு அக்கா வந்தா. பாரிசில் அவவின் தங்கைக்குப் பிள்ளை பிறந்து ஒன்பது நாள். பதினொரு வருசம் காத்திருந்து கிடைத்த பிள்ளை. பெட்டியில் பிள்ளை பெற்றவளுக்குக் கறி வைக்கிற சரக்குத்தூள், நல்லெண்ணெய், இரண்டு போத்தல் நெய். தூளும் எண்ணெயும் போகும், பாலில் செய்தது போகாது என்றேன்.

அவ வாக்குவாதப்படவில்லை. போத்தல்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டா. பாரிசில் எத்தனை தமிழ்க் கடை, அங்கே வாங்கலாமே என்று ஆறுதலுக்குச் சொன்னேன்.

"அம்மா இருந்தால் அவ உருக்கிக் குடுத்திருப்பா தம்பி. அம்மா இல்லையெண்டுதானே நான் உருக்கினனான்."

நிலக்கரி

ஒரு பிரெஞ்சு லொறிக்காரரின் பத்திரத்தில் ஒரு இலக்கம் பிழையாகிவிட்டது. சரிவரும்வரை எங்களோடு இருந்தார். கடவுச்சீட்டு பிரெஞ்சு, குடும்பப் பெயர் ஜெர்மன். தேத்தண்ணியைக் குடித்தபடி கதை சொன்னார். அவருடைய ஊர் இரண்டு நாட்டுக்கும் மாறி மாறிப் போன ஊர். இரண்டாம் உலகப் போரில் அவருடைய தாத்தாமார் இருவரும் எதிரெதிர்ப் படையில் நின்றவர்கள். போர் முடிந்து சில வருசத்தில் ஆறு நாடுகள் நிலக்கரியையும் உருக்கையும் பொதுவில் வைத்தன, ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் பீரங்கி வார்க்க ஏலாதபடி. ஐரோப்பிய ஒன்றியம் அப்படித்தான் தொடங்கினதாம். பிறகு சுங்க வரி போனது. அதற்கும் பிறகு எல்லைச் சாவடிகள் போயின.

எனக்கு இலங்கைக்கும் இந்தியாவுக்கும் நடுவில் கிடக்கிற எங்கள் கடல் ஞாபகம் வந்தது. தாத்தாமார் ஒருவரை ஒருவர் மன்னித்தார்களா என்று கேட்டேன். அவர் யோசித்துச் சொன்னது தமிழில் இப்படி வரும்:

"மன்னிச்ச மாதிரித் தெரியேல்லை. ஆனால் ரெண்டு பேருக்கும் ஒரே சுரங்கத்தில வேலை, ஒரே பஸ்ஸில போக வேண்டியிருந்தது."

மாற்றுச் சாரம்

பக்கத்து மேசை ஜெசிந்தா ராமேஸ்வரத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. நான் பருத்தித்துறை, அங்கே என் அண்ணை இன்னும் கடலுக்குப் போகிறார். இந்திய இழுவைப் படகுகள் அண்ணையின் வலையை அறுத்துக்கொண்டு போனதை நான் அவளுக்குச் சொன்னதில்லை.

ஒரு காலை, பிரான்சுக்குப் போகிற மீன் லொறிக்குப் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தவள் எழும்பிப் போய் யன்னலடியில் நின்றாள். எல்லை தாண்டி மீன்பிடித்ததாக அவளுடைய தம்பியை இலங்கைக் கடற்படை பிடித்து, யாழ்ப்பாணத்தில் சிறையில் வைத்திருக்கிறார்களாம். அதற்குமேல் ஒளிக்க எனக்கு மனம் வரவில்லை. வலையின் கதையைச் சொன்னேன்.

அண்ணைக்கு ஃபோன் எடுத்து அந்தத் தம்பியைப் போய்ப் பார்க்க ஏலுமோ என்று கேட்டேன். அண்ணை ஃபோனை வைத்துவிட்டார். மூன்றாம் நாள் அவரே எடுத்தார். உடுக்கச் சாரமும் குளிக்கச் சவுக்காரமும் சோத்துப் பார்சலும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாராம். "வலைக்குக் கோவம் கோவம்தான். அதுக்காக அவன் மாத்துச் சாரம் இல்லாமல் இருக்கிறதோ" என்றார்.

சில வாரத்தில் தம்பியை விட்டார்கள், படகை விடவில்லை. அன்றைக்கு ஜெசிந்தா என் மேசைக்கு வந்து மெதுவாகச் சொன்னாள்:

"அந்தச் சாரத்தோடதான் வீட்டுக்கு வந்திருக்கான்ணே. கொழும்பு போயி, சென்னை போயி, சுத்திக்கிட்டு. நேரா வந்தா கொஞ்ச நேரக் கடல்தானே."

நாடுகள் பேசிப் பேசி நீக்கின பத்திரங்களைத் திருப்பி எழுதித்தான் நாங்கள் இருவரும் சோறு சாப்பிடுகிறோம். இந்த வேலை ஒருநாள் இல்லாமல் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களும் எங்கள் கந்தோரில் நாங்கள் இருவருந்தான்.